கீரன் வந்து இறங்கிய கரை

ஓமானுக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் பழைய ஆட்கள் முதலில் பேசுவது லைசென்ஸைப் பற்றித்தான். டிரம் டெஸ்ட், அதற்குப் பிறகு ஸ்லோப், கடைசியில் ரோடு. வரிசையாக நிற்கும் டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து, ஒன்றையும் தொடாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். ஊரில் வருடக்கணக்கில் லாரி ஓட்டியவர்கள்கூட அதில் திணறுவார்கள். அந்தச் சின்ன அட்டை கைக்கு வரும்வரை ஓமான் என்றால் மஸ்கட்டின் ரூவிதான். நம் ஆட்கள் நெருக்கியடித்து வாழும் தெருக்கள், மெஸ், பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச், லீவு நாள் சாயங்காலக் கூட்டம். வருடக்கணக்கில் அங்கே உழைத்துவிட்டு ரூவியையும் ஏர்போர்ட் சாலையையும் தவிர வேறெதையும் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு. வீட்டுக்கடனும் தங்கை கல்யாணமும் தலைமேல் நிற்கும்போது பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற யாருக்கு மனசு வரும்? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த நாடு பார்க்க வேண்டிய நாடு. அதிலும் தமிழர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய நாடு.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வே பிரிவில் இருந்தேன். வார விடுமுறை அப்போது வியாழன், வெள்ளி. 2013 மே மாதத்தில் அது வெள்ளி, சனி என்று மாறியது. கம்பெனியில் எனக்கு மூத்தவர், கொடுங்கல்லூர்க்காரர், எல்லோருக்கும் அவர் சேட்டன். அவரிடம் பழைய நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்று இருந்தது. பெட்ரோல் செலவு ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

மஸ்கட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதிகம் சொல்லத் தேவையில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த சந்துகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நீட்டிக்கொண்டே போன நகரம் அது. பழைய மஸ்கட்டின் துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் ஜலாலி, மீரானி என்று இரண்டு கோட்டைகள். 1507இல் வந்த போர்ச்சுக்கீசியர்கள் 1650இல் துரத்தப்படும்வரை அங்கே இருந்தார்கள். 2001இல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. உள்ளே விரித்திருக்கும் ஒரே கம்பளத்தின் எடை 21 டன். ஈரானில் 600 பெண்கள் நான்கு வருடம் உட்கார்ந்து கையால் முடிச்சுப் போட்டது. கட்டடத்துக்கான மணற்கல் இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. கல்லோடு கல் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் நகம் நுழைய இடமில்லை. அந்த வேலையின் சுத்தத்துக்காகவே நான் மறுபடி மறுபடி போயிருக்கிறேன்.

ஆனால் ஓமானை எனக்குக் காட்டியது தலைநகரம் அல்ல. கிழக்கே சூர் போகும் கடற்கரைச் சாலைதான்.

குரையாத் ஊரைத் தாண்டியதும் வலது பக்கம் மொட்டை மலை, இடது பக்கம் கடல். இடையில் ஒரு புல்கூடக் கிடையாது. சாலை ஒவ்வொரு வாதியை, அதாவது காட்டாற்றுப் பள்ளத்தை, கடக்கும் இடத்திலும் தண்ணீர் மட்டம் காட்டும் கம்பங்கள் நட்டிருப்பார்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் பள்ளம், எங்கோ மலைமேல் மழை பெய்த அரை மணியில் லாரியைப் புரட்டும். 2007 ஜூனில் கோனு புயல் அடித்தபோது இந்தக் கரையில் சாலைகளையும் வீடுகளையும் வாதி வெள்ளம் வாரிக்கொண்டு போனது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்கும் மலைப்பக்கம் மேகத்தைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பார்கள்.

சூருக்குச் சற்று முன்னால், மேட்டின்மீது தனியாக ஒரு கட்டடம் தெரியும். பீவி மரியம் சமாதி. விதானம் இடிந்து, நான்கு சுவர் மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றிக் கிடக்கும் கல்மேடுகள்தான் கல்ஹாத். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் எழுதிவைத்த துறைமுக நகரம். 1508இல் போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் ஆட்கள் சூறையாடியதோடு அதன் கதை ஏறக்குறைய முடிந்தது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அந்த மேட்டில் நிற்கும்போது எனக்கு மதுரைதான் நினைவுக்கு வந்தது. கல்ஹாத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு குதிரை. பாண்டிய மன்னர்கள் அரபுக் குதிரைகளுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தை மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். குதிரை வாங்கக் கொடுத்த பொன்னில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் நம் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கடல் தாண்டி வரும் குதிரை என்பது அந்தக் காலத்தில் அரசையே அசைக்கிற செலவு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன், குதிரை ஏற்றிய துறைகளில் ஒன்றில் நிற்கிறேன். கீழே சின்னக் கல் கரை, ஒரு மீன்பிடிப் படகு. இங்கேயா ஏற்றினார்கள் என்று சேட்டனிடம் கேட்டேன். "பின்னே வேறெங்கே? மலையிலா கப்பல் நிற்கும்?" என்றார்.

சூர் ஊருக்குள் நுழைந்ததும் கழி. கழிக்கு அந்தப் பக்கம் அய்ஜா, அங்கே வெள்ளைக் கலங்கரை விளக்கம். கரையோரத்தில் ஃபதாஹ் அல் கைர் என்ற பழைய பாய்மரக் கப்பலைத் தரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். 1951இல் அங்கேயே கட்டிய 'கஞ்ஜா' என்ற வகைக் கப்பல். கைமாறிக் கைமாறி ஏமனுக்குப் போய்விட்டதை 1993இல் ஊர்க்காரர்கள் விலை கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். ஓடாத கப்பலை, சரக்குக்கு உதவாத கப்பலை, தங்கள் தாத்தாக்களின் கைவேலை என்பதற்காக வாங்கிய ஊர் அது. சூர்க்காரர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த விஷயத்தைக் கேட்ட பிறகுதான்.

கப்பல் கட்டும் பட்டறை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. உள்ளே போனால் முதலில் வருவது வாசனை. மீனெண்ணெய், ஈரத் தேக்குத்தூள், பஞ்சு. தேக்கு மலபாரிலிருந்து வரும். வேலை செய்யும் தச்சர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மலையாளத் தச்சர் ஒருவர் சேட்டனைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னை அந்தப் பட்டறையில் நிறுத்திவைத்தது ஒரே ஒரு விஷயம். நாங்கள் ஒரு கட்டடம் என்றால் முதலில் சட்டகம் எழுப்பி, அதன்மேல்தான் மற்றதை ஏற்றுவோம். இங்கே தலைகீழ். நடுவில் ஏரா மரத்தைக் கிடத்தி, அதிலிருந்து பலகை மேல் பலகையாக வெளிச்சுவரை முதலில் எழுப்புகிறார்கள். உள்ளே பிடிமானத்துக்கான வளைமரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வரைபடம் கிடையாது. ஒவ்வொரு பலகையும் எந்த வளைவில் போக வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. தச்சர் பலகை ஒன்றின் விளிம்பை எனக்குக் காட்டினார். இரண்டு பலகை சேரும் இடத்தில் எண்ணெயில் ஊறிய பஞ்சை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி ஏற்றியிருந்தது. தண்ணீரில் இறங்கி மரம் உப்பியதும் அந்தப் பஞ்சு இறுகிக்கொள்ளும். தட்டுகிற சத்தம் மாறுவதை வைத்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாராம்.

ஆணி வருவதற்கு முன்னால் இந்தக் கடலில் கப்பல்களைத் தைத்தார்கள். பலகையில் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தையல். அதை நேரில் செய்து பார்க்க டிம் செவரின் என்ற பிரிட்டிஷ் பயணி 1980இல் சூரில் 'சோஹார்' என்ற கப்பலைக் கட்டினார். ஒரு ஆணிகூடக் கிடையாது. மலபார் மரம், லட்சத்தீவுக் கயிறு, ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளத்துக்கு. அந்தக் கப்பல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கோழிக்கோடு, இலங்கை, சிங்கப்பூர் வழியாக 1981இல் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தது. இப்போது மஸ்கட்டில் அல் புஸ்தான் பக்கம் ரவுண்டானா நடுவில் நிற்கிறது. தினமும் ஆயிரம் கார் அதைச் சுற்றிப் போகும். நம் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தத் தையலைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நார் நம் கடல் நார்.

ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் இரவு ஆமை பார்க்கப் போனதையும் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி சின்ன விளக்கோடு முன்னால் போக, மற்றவர்கள் செல்போனை அணைத்துவிட்டுப் பின்னால் நடக்க வேண்டும். பச்சை ஆமை ஒன்று பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்குப் பக்கம் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அந்த ஒழுங்கை ஓமானியர்கள் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறார்கள். பிளாஷ் அடித்த ஒருவரை எங்கள் கண்முன்னே திருப்பி அனுப்பினார்கள். சரியான காரியம்.

கடல் ஒரு பாதி. மறு பாதியைப் பார்க்க உள்நாட்டுக்கு, நிஸ்வா பக்கம் போக வேண்டும். நிஸ்வா கோட்டையின் வட்டக் கொத்தளம் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஆட்டுச் சந்தை. விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி நடப்பார்கள், வாங்குகிறவர்கள் நடுவிலும் ஓரத்திலும் நின்று கையைப் போட்டு நிறுத்துவார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நிஸ்வா ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான பதில் ஊருக்கு வெளியே ஓடுகிற வாய்க்காலில் இருக்கிறது. அதன் பேர் ஃபலஜ் தாரிஸ்.

ஃபலஜ் வேலை செய்யும் விதம் இதுதான். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் எட்டும்வரை ஒரு தாய்க்கிணறு. அங்கிருந்து ஊரை நோக்கி நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம். மண் எடுக்கவும் காற்று போகவும் இடையிடையே குழிகள். தரை எவ்வளவு சரிகிறதோ அதைவிடக் குறைந்த சரிவில் சுரங்கத்தைக் கொண்டுபோனால், ஒரு இடத்தில் தண்ணீர் தானாகவே தரைக்கு மேல் வந்துவிடும். பம்ப் வேண்டாம், ஏற்றம் வேண்டாம். நான் லெவல் கருவி வைத்துப் பிழைத்தவன். சரிவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் மண்ணை அரிக்கும், கொஞ்சம் குறைந்தால் வண்டல் படியும். அந்த இரண்டுக்கும் நடுவிலான சரிவை, மண்ணுக்கு அடியில், இருட்டில், பல கிலோமீட்டர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நடுவில் வாதி குறுக்கிட்டால் தண்ணீரை இந்தக் கரையில் ஒரு கிணறு வழியாகக் கீழே இறக்கி, வாதிக்கு அடியில் கொண்டுபோய், அந்தக் கரையில் மேலே ஏற்றுகிறார்கள். பிர்கத் அல் மோஸ் ஊரில் ஃபலஜ் அல் கத்மைன் மூன்றாகப் பிரியும் இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மூன்று வாயிலும் ஒரே அளவு தண்ணீர். இவை உட்பட ஐந்து ஃபலஜ்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. ஆனால் நாடு முழுக்கச் சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்றைக்கும் ஓடுகின்றன, பேர்ப்பலகை இல்லாமல்.

தண்ணீரைக் கொண்டுவருவதைவிடப் பங்கு போடுவதுதான் கஷ்டம். அதை மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்ற மலைக்கிராமத்தில் கற்றுக்கொண்டேன். பாறைமேல் மண் வீடுகள், கீழே படிக்கட்டுத் தோட்டங்கள், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு முழ அகல வாய்க்கால். அங்கே ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஹாஜி என்று கூப்பிட்டோம், அவர் எங்களை சதீக், நண்பன், என்றார். பேசியது பாதி அரபு, பாதி ஹிந்தி. வாய்க்காலில் ஒரு திறப்பை அடைத்திருந்த கல்லையும் துணியையும் எடுத்து இன்னொரு திறப்பில் வைத்தார். தண்ணீர் திரும்பி வேறு தோட்டத்துக்குள் போனது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் கல்லை எப்போது எடுக்கலாம் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. பகலில் வெட்டவெளியில் ஒரு கம்பு நட்டு, அதன் நிழல் தரையில் போட்ட கோடுகளைத் தாண்டுவதை வைத்து முறை. இரவில் எந்த நட்சத்திரம் எந்தக் குன்றுக்கு மேலே வந்தது என்பதை வைத்து முறை. ஒரு அதர் என்றால் சுமார் அரை மணி. குடும்பத்துக்கு இத்தனை அதர் என்று பங்கு. சில பங்குகளைப் பொதுவில் வைத்து ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஃபலஜைத் தூர்வாருவார்கள். இப்போது எல்லோர் கையிலும் கடிகாரம் இருக்கிறது, முறை மட்டும் மாறவில்லை. தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் குடிக்க, அதற்குக் கீழே தொழுகைக்குமுன் கை கால் கழுவ, அதற்கும் கீழே குளிக்க, கடைசியில்தான் பயிருக்கு. யாரும் காவல் இல்லை. மேலே போய்த் துணி துவைப்பவர் ஒருவரும் இல்லை.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. கூலி களத்திலேயே நெல்லாக அளந்துவிடுவார்கள். நான் படித்து முடிப்பதற்குள் அந்த வேலையே போய்விட்டது. போர் போட்டார்கள், வரத்துக்கால்வாயில் கருவேல் மண்டியது, கண்மாய் பேருக்குக் கிடக்கிறது. மிஸ்ஃபாத் பெரியவரைப் பார்த்தபோது எங்கள் நீர்க்கட்டியையே பார்த்தேன், அதே மண்வெட்டியோடு, அதே அவசரமில்லாத நடையோடு. மழை அரிதான நாட்டில் அந்தப் பொறுப்பு உயிரோடு இருக்கிறது, வடகிழக்குப் பருவமழை பெய்கிற நாட்டில் அதைத் தொலைத்துவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

தெற்கே சலாலாவுக்குப் போக மஸ்கட்டிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். ஆதம் தாண்டினால் துமரைத் வரை சாலையும் வானமும்தான், இடையில் ஹைமாவில் பெட்ரோலும் ஒரு மலையாளி கடையில் கடக் சாயும். துமரைத்துக்குப் பிறகு மலை இறங்க ஆரம்பித்ததும் மூடுபனி வண்டியை விழுங்கிவிடும். அது கரீஃப், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நம் தென்மேற்குப் பருவக்காற்றின் ஓரம் தோஃபார் மலையில் மோதித் தூறலாக நிற்கிறது. மலையின் கடல் பக்கம் பசும்புல், அந்தப் பக்கம் கட்டாந்தரை. சாலையோரக் கடைகளில் இளநீர், வாழைத்தார், பப்பாளி. கேரளத்து ஆட்களும் நம் ஆட்களும் குடும்பத்தோடு வந்து அருவி அருவியாகச் சுற்றுவார்கள். முக்ஸைல் கடற்கரையில் பாறைத் துளை வழியாக அலை பீறிட்டு அடிப்பதைப் பார்த்துக் கத்துவார்கள்.

நான் போக நினைத்த இடம் வேறு. சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், தாக்கா தாண்டி, கோர் ரோரி என்ற கழியின் கரையில் சும்ஹுரம். கிறிஸ்துவுக்கு முன்பே தென்னரேபிய ஹத்ரமௌத் அரசர்கள் குந்திரிக்கம் ஏற்றுவதற்காகக் கட்டிய துறைமுகக் கோட்டை. பின்னாலிருக்கும் மலைநாட்டு மரங்களில் பட்டையைச் சீவி, வடியும் பாலை இறுகவிட்டுச் சுரண்டி எடுத்த பிசின், ரோம் வரை போய் எரிந்தது. 2000இல் யுனெஸ்கோ இந்தத் துறைமுகத்தையும் குந்திரிக்க வணிகத்தோடு சேர்ந்த மற்ற இடங்களையும் பட்டியலில் சேர்த்தது. இத்தாலிய ஆய்வாளர்கள் இங்கே தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்த பானையின் துண்டை மூடியாக ஆக்கியிருந்தார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்தில் ணந்தை கீரன் என்று ஒரு பெயர். ஐராவதம் மகாதேவன் உட்பட அறிஞர்கள் அதை வாசித்து, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்றார்கள். பத்திரிகையில் அதைப் படித்த நாளிலிருந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தேன்.

கோட்டை பெரிதல்ல. கருத்த சுண்ணாம்புக்கல் சுவர்கள், வளைந்து வளைந்து நுழையும் வாசல், வாசல் சுவரில் தென்னரேபிய எழுத்தில் கல்வெட்டு, உள்ளே ஆழமான கிணறு, சரக்கறைகள், சின்னச் சின்ன வீடுகள். கீழே கழியின் வாயை மணல்திட்டு அடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அது திறந்திருந்தது, கப்பல் உள்ளே வந்து நின்றது. கீரனின் பெயர் கீறிய அதே நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளுஸ் நூல் இந்தத் துறையை மொஸ்கா என்கிறது. மேற்கிந்தியக் கரையிலிருந்தும் தமிழகக் கரையிலிருந்தும் பருவம் பிந்தி வரும் கப்பல்கள் இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்கிப் போகும் என்று கணக்கு எழுதுகிறது. அப்படியென்றால் இங்கே மாதக்கணக்கில் தங்கிய நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சமைத்திருக்கிறார்கள், பானையை மூடியிருக்கிறார்கள், மூடி மாறிப் போகாமலிருக்கப் பேரைக் கீறியிருக்கிறார்கள். கேம்ப் கிச்சனில் டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் பேர் கீறி வைத்தவர்கள் நாங்களும்தான்.

அந்தச் சுவர்களுக்குள் நின்று கீரனோடு பேசத் தோன்றியது. எந்த ஊர், வீட்டில் யார் யார், காற்று எப்போது திரும்பும் என்று எண்ணிக்கொண்டிருந்தாரா, பொருளைத் தேடிப் பிரிந்தவரைப் பற்றி வீட்டில் இருந்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவுக்கு முதன்முதலில் போனவர்கள் எண்ணெய் கண்டுபிடித்த பிறகு போனவர்கள் என்றுதான் நாம் பேசுகிறோம். ஓமான் கரையில் நம் பெயர் இரண்டாயிரம் வருடமாகக் கிடக்கிறது.

சலாலாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கரீஃப் கூட்டம் கலைந்த பிறகு, நவம்பருக்கு மேல் போங்கள். வெயில் தணிந்திருக்கும், கழியில் பூநாரைகள் வந்து நிற்கும். மிர்பாத் சாலையில் தாக்காவைத் தாண்டியதும் வலது பக்கம் பலகை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடல் பக்கச் சுவரோரம் நிறுத்தி, கீரனின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.